எல்லா மைதானத்திலும் அழுத குழந்தை

அத்தியாயம் 6

அந்தக் கோலைக் கால்பந்து லீக் தலைவர் மறுபடியும் போட்டுக் காட்டினார். எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொண்டிருக்க அறையில் யாருக்கும் தெம்பில்லை. சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த டிவியை வாங்கிப் போட்டாயிற்று, எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும்?

திரையில் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு பெண் 'ஷ்ஷ்' என்று அதட்டினாள். யாரோ தகரத்தில் தாளம் தட்டினார்கள். அப்போது பந்து வந்தது. வந்தது என்று சொல்வதுகூட அதிகம். மைதானத்து நடுவிலிருந்து எவனோ போகிற போக்கில் உதைத்த பந்து, சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற பெரிய மனுஷர் மாதிரி ஆடி அசைந்து வந்தது. கோல் கீப்பர் குனியவில்லை. கையைத் தொங்கப் போட்டான். திரும்பினான். கம்பத்தடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" தலைவர் படத்தை நிறுத்தினார். "அரையிறுதி. ஆட்டம் முடியப் போற நேரம். ரெண்டு டீமும் சமம். மகாராஜா தண்ணி குடிக்கப் போறார்!"

"தாகமா இருந்திருக்கும்," என்றான் கொழுந்தன்.

தலைவர் அவனை முறைத்தார். பிறகு, இந்த ஆளை எதற்குக் கூட்டிவந்தீர்கள் என்கிற மாதிரி எதிரே இருந்த பெண்மணியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவளிடமே சரியான பதில் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யாகச் செத்தவர்களையும் பொய்யாக எரிந்த கடைகளையும் பிடித்துப் பிடித்துப் பெயர் வாங்கி, பிறகு வீட்டு முன்னறையிலேயே துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அவளுடைய கணவனின் தம்பி, தொட்ட தொழிலையெல்லாம் வெற்றிகரமாக இழுத்து மூடிவிட்டு, நாற்பது வயதில் அண்ணியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. இரண்டாவதில் அவன் குறை வைப்பதில்லை.

தலைவரின் கவலை நியாயமானது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேமராவோடு ஆரம்பித்த லீக் இது. இன்றைக்குக் கேமராவுக்கும் பஞ்சமில்லை, விளம்பரத்துக்கும் பஞ்சமில்லை. கார்னர் கிக்கை ஒரு பெயின்ட் கம்பெனி வழங்கியது. காசு சுண்டுவதை ஒரு வங்கி வழங்கியது. அடிபட்டவனைத் தூக்கும் ஸ்ட்ரெச்சரை ஒரு வலித் தைலம் வழங்கியதால், ஆட்டத்துக்கு ஒருவனாவது நொண்ட மாட்டானா என்று ஒரு கம்பெனியே ஏங்கிக்கொண்டிருந்தது. கீப்பரின் கையுறையை வழங்கியது ஒரு பூட்டுக் கம்பெனி. 'எதுவும் உள்ளே நுழையாது' என்பது அதன் வாசகம். அந்தக் கோல் விழுந்த பிறகு அந்தப் பூட்டுக்காரர் தலைவருக்குப் போன் போட்டுப் பேசிய வார்த்தைகளை எந்தச் சானலிலும் ஒளிபரப்ப முடியாது.

"நாளைக்குக் காலைல விசாரணை. நேரடி ஒளிபரப்பு," என்றார் தலைவர். "அதுக்கும் ஸ்பான்சர் வந்தாச்சு. அவனுக்கு ஆயுள் தடைதான், அதுல சந்தேகமே இல்ல. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யார்கிட்ட காசு வாங்கினான்? அத சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. நாளைக்கு நீங்கதான் சாட்சி."

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் அண்ணி.

"விசில் கேட்டுச்சாம்! நடுவர் ஊதினாராம்! ஆட்டம் நின்னுடுச்சுன்னு நினைச்சாராம்! நடுவர் நான் ஊதவே இல்லைன்னு தலைல அடிச்சு சத்தியம் பண்றார். டிவில விசில் இருக்கா? நீங்களே கேளுங்க."

கேட்டார்கள். பந்து உருண்டு வந்த நேரத்தில் வர்ணனையாளர், 'உங்கள் வீட்டுச் சுவருக்கு உயிர் கொடுங்கள்' என்று பெயின்ட் விளம்பரத்தை உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தார். விசில் இல்லை.

"இன்னொரு தடவ போடுங்க," என்ற அண்ணி, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டாள். ஓடி முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அன்னைக்குக் கூட்டம் எப்படி?" என்றாள்.

"அலை மோதுச்சு!" என்றார் தலைவர்.

படியிறங்கும்போது கொழுந்தன் ஆரம்பித்தான். "கிளையன்ட் முன்னாடியே தூங்கிட்டீங்களே அண்ணி. வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்ல?"

"தூங்கல தம்பி, கேட்டேன். கடைசி நிமிஷம், அலை மோதுற கூட்டம், காது கிழியுது. அந்த மனுஷன் பெயின்ட் டப்பாவப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் மொத்தக் கூட்டமும் கப்சிப். பேசி முடிச்சதும் மறுபடி கத்துது."

"நல்லா வளர்த்திருக்காங்க. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத கூட்டம்."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தால் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். தெருமுனை வரைக்கும் அதைத் தாங்கினான்.

"இப்ப எங்க?"

"திடீர்னு காசு வந்தவன் வீட்டுல முதல்ல சாமான் மாறும். அந்தக் கீப்பரோட அப்பா சலூன் வச்சிருக்கார். போய்ப் பாக்கலாம்."

சலூனில் எதுவும் மாறியிருக்கவில்லை. இருந்த ஒரே சுழல் நாற்காலி சுழல்வதை எப்போதோ விட்டிருந்தது. அதன் இருக்கைக் கிழிசலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்ணாடியின் ஒரு மூலையில் பாதரசம் உரிந்து, அங்கே உட்கார்ந்தவனுக்கு ஒரு காது இல்லாத மாதிரி காட்டியது. கடையிலேயே புதிதாக இருந்தது டிவி ஒன்றுதான். மகன் லீக்குக்குத் தேர்வான வருஷம் தவணையில் வாங்கியது. அதில் ஏதோ பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சலூன்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை.

"இவனுக்கு ஷேவ் பண்ணணுங்க," என்று கொழுந்தனைத் தள்ளிவிட்டாள் அண்ணி.

"எனக்கா?"

"முள்ளம்பன்னி மாதிரி திரியற. உக்காரு."

சலூன்காரர் நுரை தடவினார். வலது கன்னம் முழுக்க வழித்து முடித்து, கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். சில பேருக்கு நேரம் காலம் தெரியாது. கொழுந்தன் அந்த ரகத்தில் முதல் வரிசை. சரியாக அந்த நேரம் பார்த்து, "அரையிறுதில தண்ணி குடிச்சாரே ஒரு கீப்பர், உங்க பையன்தானே?" என்று கேட்டான்.

கத்தி அவன் தொண்டைக்குழியில் அப்படியே நின்றது. கொழுந்தன் எச்சில் விழுங்க நினைத்து, அதற்கும் இடமில்லை என்று கண்டுகொண்டான்.

"எனக்குப் பையன் இல்ல," என்றார் சலூன்காரர்.

"அவர் காசு வாங்கினார்னு நீங்களும் நம்பறீங்களா?" பெஞ்சிலிருந்து அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணால பாத்தேங்க." அவர் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். "டிவில விடாம போட்டான். முன்னாலேருந்து, பின்னாலேருந்து, மேலேருந்து. அதுலயும் மெதுவா வேற காட்டறான். பாத்துக்கிட்டே கையத் தொங்கப் போடறான். நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எங்கயாவது அவன் பக்கம் நியாயம் தெரியுமான்னு. தெரியலைங்க."

"அவர்கிட்ட பேசினீங்களா?"

"போன் பண்ணான். எடுக்கல. என்னத்தப் பேசறது? இங்க வந்து உக்காந்து ஒருத்தன் சொல்றான், உங்க குடும்பத்த நம்பிக் கழுத்தக் குடுக்க பயமா இருக்குன்னு. இருபது வருஷமா என்கிட்ட ஷேவ் பண்ணினவன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க கிளம்புங்க. காசு வேணாம்."

"பாதிதான் ஆயிருக்கு," என்றான் கொழுந்தன்.

"கிளம்புங்கன்னேன்."

அப்போதுதான் டிவியில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு பெண் 'ஷ்ஷ்' என்றாள். யாரோ தகரத்தில் தாளம் தட்டினார்கள். கொழுந்தன் ஒரு கன்னத்து நுரையோடு டிவியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இந்தப் புள்ள அரையிறுதிலயும் அழுதுதே! ஊர் ஊரா மேட்சுக்குத் தூக்கிட்டு அலையறாங்களா? யாராவது ஒரு வாய் பால் குடுக்கக் கூடாதா?"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான். அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எந்த ஆட்டம்ங்க?"

"போன வருஷத்துது," என்றார் சலூன்காரர் எரிச்சலாக. "வேற ஊரு. இவன் டீமே இல்ல."

"போன வருஷம் ஒரு ஊர்ல அழுத கொழந்த, இந்த வருஷம் இன்னொரு ஊர்ல, அதே மாதிரி, அதே தாளத்துக்கு முன்னாடி அழுவுது," என்றாள் அண்ணி. "வா தம்பி."

"என் இன்னொரு கன்னம்?"

"அது எங்கயும் போகாது."

மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் கொழுந்தனை ஜனங்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் ஜாமீனில் வந்தவன்.

மைதானத்தில் கீப்பர் தனியாகச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு வரும்வரை பயிற்சிக்கு வரலாம் என்று லீக் பெருந்தன்மையாக அனுமதித்திருந்தது. அவனுக்குப் பந்து உதைக்கக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் உதைக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி தன்னை யாரென்று சொன்னதும், "என்னங்க, காசத் தேடி வந்தீங்களா?" என்றான். "என் பெட்டி அறைல இருக்கு. பாத்துக்குங்க."

"விசில் எந்தப் பக்கத்துலேருந்து கேட்டுச்சு?"

கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

"பின்னாலேருந்துங்க. முதல்ல ஒரு குட்டி ஊதல், அப்புறம் நீளமா ஒரு இழுவை. நம்ம நடுவர் ஊதற மாதிரியேதான். ஆனா நடுவர் எனக்கு முன்னால நிக்கறார்! பின்னால எப்படிக் கேக்கும்? அதச் சொன்னா இன்னும் பைத்தியக்காரன்னுவாங்கன்னு அத மட்டும் சொல்லல."

"உங்க டீம்ல வேற யாருக்கும் கேக்கலையா?"

"எல்லாரும் அந்தக் கோடில தாக்கப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான்." அவன் பந்தைக் கீழே வைத்தான். "தடை போட்டா போடட்டுங்க. கை காலு இருக்கு, பொழச்சுக்குவேன். எங்கப்பா என்னைத் திருடன்னு நினைக்கறார். அதத்தான் தாங்க முடியல."

கொழுந்தன் குனிந்து அந்தப் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

அண்ணி மைதானத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கேமரா மேடைக்கு நேர் எதிரே இருந்த ஒரே ஒரு கேலரியில்தான் நாற்காலிகள் துடைத்து வைத்திருந்தன. மற்ற மூன்று பக்கமும் தூசி படிந்து கிடந்தது. வருகிற கொஞ்சம் பேரையும் கேமராவுக்கு எதிரே நெருக்கி உட்கார வைத்தால் டிவியில் அலை மோதும். கூட்டம் ஏன் கொஞ்சம் என்றால், சானலுக்கு வசதியான நேரம் என்று வேலைநாள் மத்தியானத்தில் ஆட்டம் வைத்தார்கள். அந்த நேரத்தில் வர முடிந்தவர்கள் வேலை இல்லாதவர்கள்தான். அவர்களால் டிக்கெட் வாங்க முடியாதபடி விலை வைத்தார்கள். இதற்குப் பெயர் வளர்ச்சித் திட்டம்.

கோலுக்குப் பின்னால் கேலரி முழுவதையும் மறைத்து விளம்பரத் துணி கட்டியிருந்தது. சிரித்த முகங்கள் அச்சடித்த துணி. அண்ணி போய் அதன் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே வரிசையாக ஒலிபெருக்கிகள்.

"இதோ இருக்காங்க ரசிகர்கள்," என்றான் கொழுந்தன். "வணக்கம் வைக்கட்டுமா?"

ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் கேலரிப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. அங்கே ஒரு மேசை, ஒரு கணினி, இழுத்து ஏற்றி இறக்கும் பொத்தான்கள், அவற்றுக்கு முன்னால் லீக் முழுக்க 'வால்யூம்' என்று கூப்பிடும் ஒலிப்பதிவாளர். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கொழந்தைக்கு இப்ப என்ன வயசாகுது?"

வால்யூம் முகத்தில் ஈயாடவில்லை. "எந்தக் கொழந்த?"

"எல்லா ஊர்லயும் அழுவுதே, அது."

அவர் கொஞ்ச நேரம் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மளமளவென்று கொட்டிவிட்டார். மனசுக்குள் வைத்திருந்து புழுங்கியிருக்க வேண்டும்.

"முதல் வருஷ ஃபைனல் சத்தங்க அது. அன்னைக்கு டிக்கெட் கிடையாது, ஊரே வந்துச்சு. அதப் பதிவு பண்ணினேன். அடுத்த வருஷம் கூட்டம் கொறஞ்சதும் தலைவர் அத ஓட்டச் சொன்னார். டிவிக்கும் போகும், மைதானத்துலயும் கேக்கும். கூட்டம் இருக்குன்னு காட்டித்தானே விளம்பரம் பிடிக்கறோம்."

"விளம்பரம் வாசிக்கும்போது?"

"வர்ணனையாளர் வாய் திறந்தா டிவிக்குப் போற கூட்டச் சத்தம் தானா அடங்கிடும். அப்படி வச்சிருக்கோம். ஸ்பான்சர் பேரு தெளிவா கேக்கணும்ல? மைதானத்து ஸ்பீக்கர்ல அடங்காது."

"பதிவுல நடுவர் ஊதின விசில் இருக்குமே?"

"முதல் பாதில இருந்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்துட்டேன். அத மட்டும்தான் எப்பவும் திருப்பித் திருப்பிப் போடுவேன். அரையிறுதி அன்னைக்குக் கடைசில சூடு வேணும், சத்தத்த ஏத்துன்னு தலைவர் போன் பண்ணார். ரெண்டாவது பாதில சத்தம் ஜாஸ்தி. அந்தக் கொழந்த அழுகை, தகரத் தாளத்தோட முதல் பாதி முடிஞ்சதும் அத அப்படியே ஓட விட்டுட்டேன்." வால்யூம் தலை குனிந்தார். "அத முழுசா கேட்டுப் பாக்கலைங்க."

"அப்புறமாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கேட்டும் வாயத் திறக்கல."

"விசிலச் சொன்னா கூட்டத்தச் சொல்லணுமே! கூட்டம் பொய்ன்னு தெரிஞ்சா லீக்கே கவுந்துடும். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க."

"அந்தப் பையனுக்கும் அப்பா இருக்கார்," என்றாள் அண்ணி. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இப்போது ரொம்ப இறங்கியிருந்தது. "சாயங்காலம் நான் கையத் தூக்கறப்ப அந்த இடத்தப் போடணும். மைதானத்து ஸ்பீக்கர்ல மட்டும். போடுவீங்களா?"

வால்யூம் தலையாட்டினார்.

வெளியே வந்து அண்ணி இரண்டு வேலை செய்தாள். தலைவருக்குப் போன் போட்டு, "கண்டுபிடிச்சாச்சு. நடுவரையும் கூட்டிக்கிட்டு மைதானத்துக்கு வாங்க. விசாரணைல போட்டுக் காட்ட ஒரு செய்முறை எடுக்கணும், கேமராக்காரங்களும் வரட்டும்," என்றாள். கேமரா என்ற வார்த்தையைக் கேட்டதும் தலைவர் என்ன ஏது என்று கேட்காமல் கிளம்பிவிட்டார். அடுத்து கொழுந்தனைப் பார்த்து, "நீ போய் அந்த அப்பாவக் கூட்டிட்டு வா," என்றாள்.

"கத்தியோட நிக்கற மனுஷன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றது?"

"அது உன் சாமர்த்தியம்."

கொழுந்தனின் சாமர்த்தியம் அவன் முகத்திலேயே பாதி இருந்தது. சலூன் வாசலில் நின்று, பாதியில் விட்ட வேலையை முடித்துத் தந்தே ஆக வேண்டும், ஆனால் தனக்கு மைதானத்தில் அவசர வேலை இருக்கிறது, அங்கே வந்து முடித்துக் கொடுங்கள் என்று தெருவே கேட்கும்படி சண்டை பிடித்தான். வேலையைப் பாதியில் விட்டவர் என்று இன்னொரு கெட்ட பெயரா என்று மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மைதானத்து வாசலில் மகனைத் தூரத்தில் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். கொழுந்தன் அவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

தலைவர் கோட்டு சூட்டோடு வந்தார். முகத்துக்கு லேசாகப் பவுடர் போட்டிருந்தார். அவரோடு நடுவரும் வந்தார். கண்ணுக்கடியில் கருவளையம், தூங்கி நாளாகியிருக்கும்.

"சார், பந்து எவ்வளவு மெதுவா வந்துச்சுன்னு ஜனங்களுக்குப் புரியணும்," என்றாள் அண்ணி. "ஒரு சாதாரண மனுஷன்கூட அதப் பிடிச்சிருப்பான்னு நீங்களே நின்னு காட்டினா நல்லா இருக்கும்."

"கண்டிப்பா!" தலைவர் கேமராவைப் பார்த்து ஒரு புன்னகை விட்டார். கோலுக்கு நடுவே போய்க் கையை விரித்து நின்றார். "இத எங்க வீட்டு வேலைக்காரம்மாகூடப் பிடிப்பாங்க. விடுங்க பந்த!"

மைதானத்து நடுவிலிருந்து கீப்பர் பந்தை மெல்ல உதைத்தான். அது ஆடி அசைந்து உருண்டு வந்தது. தலைவர் கேமராவுக்கு ஏற்ற கோணத்தில் குனிந்தார். அண்ணி கையைத் தூக்கினாள்.

விளம்பரத் துணிக்குப் பின்னாலிருந்து ஆயிரக்கணக்கான பேர் திடீரென்று கத்தினார்கள். அதற்கு நடுவே ஒரு குட்டி ஊதல், அப்புறம் நீளமாக ஓர் இழுவை. தலைவர் நிமிர்ந்தார். விரித்த கை தானாகக் கீழே இறங்கியது. வெடுக்கென்று பின்னால் திரும்பி, "யாருய்யா ஊதினது?" என்றார்.

பந்து அவர் காலுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எவ்வளவு சார் வாங்கினீங்க?"

தலைவரின் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. அண்ணி அவரைக் கவனிக்கவில்லை. நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொத்தென்று கோல் கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது என் விசில்," என்றார் நடுவர்.

"நீங்க ஊதலன்னு சத்தியம் பண்ணீங்களே?" என்றார் தலைவர்.

"அன்னைக்கு ஊதலைங்க! நிஜமாவே ஊதல. ஆனா இது நான்தான். ஒரு குட்டி, ஒரு இழுவை. எங்க ஆளுங்க எல்லாரும் கேலி பண்ணுவாங்க." அவர் கீப்பரை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாமல் பேசினார். "முதல் வருஷ ஃபைனல் நான்தான் நடத்தினேன். அதுல ஊதினது. என் விசிலக் கேட்டுத்தான் இந்தப் பையன் நின்னிருக்கான். நான் சத்தியம் பண்ணித்தான் அவனைத் திருடனாக்கிட்டேன்."

தலைவர் ஒரு நிமிஷத்தில் தேறிக்கொண்டார். வியாபாரத்தில் பழுத்தவர் இல்லையா? அண்ணியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. 'போதிய ஆதாரம் இல்லை'ன்னு நாளைக்குக் கேஸ முடிச்சிடறேன். பையன் ஆடட்டும். இந்த ஸ்பீக்கர் விஷயம் மட்டும் வெளிய வேணாம். லீக் வளர்ற நேரம்."

"ஆதாரம் இல்லைன்னா ஊர் என்ன நினைக்கும்? வாங்கினான், தப்பிச்சுட்டான்னு நினைக்கும். நாளைக்கு என்னைச் சாட்சியா கூப்பிட்டிருக்கறது நீங்கதான். கேட்டா இருக்கறதச் சொல்லுவேன்."

"நானும் சொல்லுவேன்," என்றார் தரையில் உட்கார்ந்திருந்த நடுவர்.

"அப்புறம் நீங்க கையத் தொங்கப் போட்டது எல்லாக் கேமராலயும் இருக்கு சார்," என்று கொழுந்தன் ஞாபகப்படுத்தினான். "முன்னாலேருந்து, பின்னாலேருந்து, மேலேருந்து. மெதுவா ஓட்டினா ரொம்ப நல்லா இருக்கும்."

தலைவர் வானத்தைப் பார்த்தார். கணக்குப் போட்டார். போடப் போட முகம் தெளிந்தது. "ஒரு சிறப்பு நிகழ்ச்சி பண்ணலாம்," என்றார் தனக்குத்தானே. "நேரடியா மன்னிப்பு, கண்ணீர், உண்மையான ரசிகர்களோட புது சீசன். பூட்டுக் கம்பெனியே இதுக்கு வந்துடும்." அவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். வெட்கத்துக்கும் ஸ்பான்சர் பிடிக்கத் தெரிந்த மனிதரை யார் என்ன செய்ய முடியும்?

சலூன்காரர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விசில் கேட்டபோது அவரும் துள்ளித் திரும்பியிருந்தார். இப்போது ஒலிபெருக்கிகளைப் பார்த்தார், வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்தார். மகன் மைதானத்து நடுவிலிருந்து நடந்து வந்து, சற்றுத் தள்ளியே நின்றான். மேற்கொண்டு கிட்டே வர அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"கேட்டுச்சாப்பா?" என்றான்.

"கேட்டுச்சு." பெரியவர் கம்பத்தை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "அந்தப் பாழாப்போன டிவிய எத்தனை தடவ பாத்தேன். முன்னாலேருந்து பாத்தேன், பின்னாலேருந்து பாத்தேன். அவ்வளவு தடவ அத உத்து உத்துப் பாத்தவன், உன்னை ஒரு வார்த்த கேக்கலடா."

கீப்பர் கையுறையைக் கழற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் பிசகவில்லை.

"இப்ப கேளுங்க."

"இப்ப எதுக்குடா? அதான் தெரிஞ்சுபோச்சே."

"பரவால்ல. கேளுங்கப்பா."

சலூன்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து, மகனை நேருக்கு நேர் பார்த்தார்.

"காசு வாங்கினியாடா?"

"இல்லப்பா."

"சரி," என்றார் அப்பா.